டேபிள் பெருசு சார், அதான் லேட்டு!

ரொம்ப நாளா தொண்டையில முள்ளு மாதிரி நிக்கிற விஷயம். இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மி. அதனால எழுதித் தொலைச்சிடறேன். பொட்டி தட்டாத மக்கள் பயந்து ஓடவேண்டாம், உங்களுக்கும் புரியற மாதிரிதான் எழுதப்போறேன். நடுவுல போரடிச்சா ரெண்டு பத்தி தாண்டிக்கோங்க, கதை அப்பறம் வரும் :)

நம்ம தொழில்ல மூணு வாக்கியம் இருக்கு. பெரிய டேபிள் ஒண்ணுல இண்டெக்ஸ் போட உக்காந்து, ராத்திரி முழுக்க முடியலைன்னா, யாராவது ஒருத்தர் கண்டிப்பா இதுல ஒண்ணைச் சொல்வாங்க. முதல் வாக்கியம், "டேபிள் பெருசு சார், அதான் லேட்டு." ரெண்டாவது, "கேன்சல் பண்ணிட்டு மறுபடி ஓட்டு." மூணாவது, திங்கட்கிழமை மீட்டிங்ல வரும், "பெரிய சர்வர் வாங்கணும்."

ஜுரம்னு ஒரு டாக்டர்கிட்ட போறீங்க. அவர் நாடி பாக்கல, தெர்மாமீட்டர் வைக்கல. ஏற இறங்க ஒரு பார்வை பாத்துட்டு, "நீங்க கொஞ்சம் குண்டு, அதான் ஜுரம்"னு சொல்லி அனுப்பறார். மறுநாள் அந்த ஆஸ்பத்திரி பக்கம் போவீங்களா? எங்க ஆளுங்க வருஷக்கணக்கா இந்த வைத்தியத்தைத்தான் பண்ணிகிட்டு இருக்காங்க. அதுக்கு சம்பளமும் வாங்கறாங்க. நானும் சின்ன வயசுல பண்ணியிருக்கேன், அதை அப்பறம் சொல்றேன்.

முதல்ல இண்டெக்ஸ்னா என்னன்னு கதை கவிதை எழுதற மக்களுக்கு. தடி புத்தகத்துக்குப் பின்னாடி சொல்லடைவு இருக்கும்ல, அதேதான். "கரிகாலன், பக்கம் 214"னு போட்டிருந்தா நேரா அங்க போயிடலாம், இல்லைன்னா முதல் பக்கத்துலேர்ந்து புரட்டணும். இப்ப அந்த அடைவை நீங்களே தயாரிக்கணும்னா என்ன பண்ணுவீங்க? முழுப் புத்தகத்தையும் படிக்கணும். ஒவ்வொரு சொல்லையும் பக்க எண்ணையும் துண்டுச் சீட்டுல எழுதணும். சீட்டு எல்லாத்தையும் அகர வரிசையில அடுக்கணும். அப்பறம் சுத்தமா எடுத்து எழுதணும். இது எல்லாத்துக்கும் நடுவுல, வேற ஒருத்தர் அதே புத்தகத்துல திருத்தம் போட்டுகிட்டு இருந்தா அவர் முடிக்கற வரைக்கும் காத்துகிட்டு உக்காரணும்.

அவ்வளவுதான். காத்திருக்கறது, படிக்கறது, அடுக்கறது, எழுதறது. இண்டெக்ஸ் லேட்டாகுதுன்னா இந்த நாலுல ஏதோ ஒண்ணுல நேரம் போகுது. பி-ட்ரீன்னு நாம சொல்ற அந்த மர அமைப்பை பேயரும் மெக்ரைட்டும் போயிங் ஆராய்ச்சிக் கூடத்துல 1970-ல யோசிச்சாங்க. மெமரியில கொள்ளாத சரக்கை எப்படி அடுக்கறதுன்னு டொனால்ட் க்னூத் 1973-ல தடிப் புத்தகமே போட்டுட்டார், அதுவும் காந்த டேப்பை மனசுல வெச்சுகிட்டு. ஐம்பது வருஷமா தெரிஞ்ச சங்கதி. மந்திரமோ மாயமோ ஒண்ணும் இல்லை. நாலு இடத்துல எங்கன்னு பாக்கறதுக்கு ஐஞ்சு நிமிஷம் போதும். அந்த ஐஞ்சு நிமிஷத்தைச் செலவு பண்ணாம நாலு மணி நேரத்தை வீணாக்கி, கடைசியில ஒரு சின்னப் பையன் தலையில பழியைப் போட்டாங்க. என் கோபம் அதுமேலதான்.

இப்ப கதைக்கு வரேன்.

2021-ல நடந்தது. எங்க பக்கத்து டீம். பார்சல் அனுப்பற ஒரு வெளிநாட்டு க்ளையண்ட், பேர் வேண்டாம். ஒவ்வொரு பார்சலும் எங்கெங்க ஸ்கேன் ஆச்சுன்னு ஒரு டேபிள், அதுல சுமார் 40 கோடி ரெக்கார்டு. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், 13-ம் பதிப்பு. பார்சல் எண்ணும் நேரமும் சேத்து ஒரு இண்டெக்ஸ் வேணும். பார்சல் ராத்திரியிலயும் ஓடிகிட்டே இருக்கும், அதனால அப்ளிகேஷனை நிறுத்த முடியாது.

சாதாரணமா 'கிரியேட் இண்டெக்ஸ்' கொடுத்தா, அது முடியற வரைக்கும் டேபிள்ல யாரும் எழுத முடியாது, படிக்கலாம் அவ்வளவுதான். எழுதறவங்களையும் தடுக்காம போடணும்னா 'கன்கரண்ட்லி'ன்னு ஒரு வார்த்தை சேக்கணும். 2006 கடைசியில வந்த 8.2-லேர்ந்து இருக்கு. அதுக்கு விலையும் உண்டு. டேபிளை ஒரு தடவைக்குப் பதிலா ரெண்டு தடவை படிக்கும், நடுநடுவுல மத்தவங்க ட்ரான்ஸாக்‌ஷன் முடிய காத்திருக்கும். இந்த 'காத்திருக்கும்' இருக்கே, அதை மனசுல வெச்சுக்கோங்க.

அந்த வேலை ஒரு தம்பிகிட்ட வந்தது. வேலைக்குச் சேந்து ஒண்ணரை வருஷம். ஸ்க்ரிப்ட்டை ஒழுங்காத்தான் எழுதினான், டெஸ்ட் சர்வர்ல ஓட்டிப் பாத்தான், 'கன்கரண்ட்லி' போட்டான். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சான். பன்னிரண்டாச்சு, ஒண்ணாச்சு, ரெண்டாச்சு. முடியல. போன்ல டேமேஜர், "இன்னும் எவ்வளவு நேரம்?" பையனுக்குத் தெரியல. "டேபிள் பெருசு சார்..." மூணு மணிக்கு உத்தரவு வந்தது, "கேன்சல் பண்ணிட்டு மறுபடி ஓட்டு." பண்ணினான்.

மறுபடி ஓட்டினா ஒரே செகண்டுல முடிஞ்சிடுச்சு!

போன்ல சிரிப்பு. "பாத்தியா, நான் சொன்னேன்ல? ரீஸ்டார்ட் பண்ணா எல்லாம் சரியாயிடும்." எல்லாரும் தூங்கப் போயிட்டாங்க.

போஸ்ட்கிரெஸ் தெரிஞ்சவங்க இந்நேரம் தலையில கை வெச்சிருப்பீங்க. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். 'கன்கரண்ட்லி'யை நடுவுல கேன்சல் பண்ணினா, பாதி கட்டின இண்டெக்ஸ் அப்படியே கிடக்கும், தானா அழியாது. 'செல்லாது'ன்னு ஒரு முத்திரை குத்தி அங்கயே விட்டுடும். ஸ்க்ரிப்ட்ல "ஏற்கனவே இல்லைன்னா மட்டும் போடு"ன்னு ஒரு வரி இருந்தது, பாதுகாப்புக்காக. ரெண்டாவது தடவை ஓட்டினப்ப அந்தப் பேர்ல ஒண்ணு ஏற்கனவே இருக்கு. செல்லுமா செல்லாதான்னு அந்த வரி பாக்காது, பேரை மட்டும்தான் பாக்கும். "இருக்கு, விட்டுட்டேன்"னு ஒரு குறிப்பு போட்டுட்டு அமைதியா முடிஞ்சிடுச்சு. ஒரு செகண்டுல 40 கோடி ரெக்கார்டுக்கு இண்டெக்ஸ் போட்ட முதல் கம்பெனி நாமதான்னு பொன்னாடை போத்தியிருக்கலாம் :)

திங்கட்கிழமை காலையில க்ளையண்ட் போன். தேடல் முன்ன மாதிரியே இழுக்குது, போதாக்குறைக்கு ஸ்கேன் பதியறது முன்னைவிட மந்தம். ஏன்? செல்லாத இண்டெக்ஸை க்வெரி தொடாது. ஆனா இது எந்தக் கட்டத்துல அறுந்ததோ, அந்தக் கட்டத்துல புது ரெக்கார்டு ஒவ்வொண்ணையும் அதுலயும் எழுதியாகணும். வாடகையும் வரல, வீட்டு வரி மட்டும் கட்டு.

மத்தியானம் அறிக்கை தயார். காரணம்: மனிதத் தவறு. எந்த மனிதன்னு சொல்லணுமா? கூடவே ஒரு பரிந்துரை, இரண்டு மடங்கு மெமரியோட புது சர்வர்.

சாயங்காலம் கேண்டீன்ல அந்தத் தம்பி என்கிட்ட வந்தான். "அண்ணா, நான் என்ன தப்பு பண்ணினேன்னு எனக்கே தெரியலண்ணா." முகம் வாடிப்போயிருந்தது. டீ ஆறிப்போச்சு. வா பாக்கலாம்னு அவன் இடத்துக்கே போய் உக்காந்தேன்.

ராத்திரி எடுத்த ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு வெச்சிருந்தான். யார் யார் என்ன பண்றாங்கன்னு காட்டற 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'. அதுல இவனோட வரிக்கு நேரா, எதுக்குக் காத்திருக்குன்னு போட்டிருக்கு: 'லாக்'. பக்கத்துல 'வெர்ச்சுவல் எக்ஸ்ஐடி'. அதாவது இன்னொருத்தரோட ட்ரான்ஸாக்‌ஷன் முடியணும்னு கையைக் கட்டிகிட்டு நிக்குது. சிபியு சும்மா, டிஸ்க் சும்மா. நேரம் பாத்தா ராத்திரி 11.40. மூணு மணி வரைக்கும் அந்த சர்வர் இந்த இண்டெக்ஸுக்காக ஒரு துரும்பைக்கூட நகத்தல! படிக்கறது, அடுக்கறது, எழுதறது எல்லாம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சாச்சு. கடைசிக் கட்டம், பழைய பார்வை வெச்சிருக்கறவங்க யாராவது இருந்தா அவங்க போற வரைக்கும் காத்திருக்கற கட்டம். டேபிள் பெருசாம்!

யாருக்காகக் காத்திருந்தது? அன்னிக்குத் திங்கள் சாயங்காலம் பாத்தப்பவும் அந்த ஆள் உள்ளேயே இருந்தார். ரிப்போர்ட் எடுக்கற லாகின். ட்ரான்ஸாக்‌ஷன் ஆரம்பிச்சது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே கால். ஒரு ரிப்போர்ட் டூல், கர்சர் ஒண்ணைத் திறந்து முதல் கொஞ்சம் ரெக்கார்டை மட்டும் காட்டிட்டு, மீதியை அப்பறம் கேப்பாங்கன்னு திறந்தே வெச்சிருக்கு. அது பாத்தது பார்சல் டேபிளைக்கூட இல்ல, வேற ஏதோ ஒரு டேபிள். அது ஒரு பொருட்டே இல்ல, அதே டேட்டாபேஸ்ல பழைய பார்வையைப் பிடிச்சுகிட்டு யார் நின்னாலும் 'கன்கரண்ட்லி' காத்திருக்கும். திரையை லாக் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டார் மனுஷன். மூணு நாளா குப்பை அள்ளற வேக்குவம்கூட அதனால ஒழுங்கா அள்ள முடியாம கிடந்திருக்கும்.

யாரோட மெஷின்னு ஐபி அட்ரஸ் சொல்லிச்சு. நான் சொல்லமாட்டேன். திங்கட்கிழமை மீட்டிங்ல அதிகமா கேள்வி கேட்டவர்னு மட்டும் வெச்சுக்கோங்க.

கர்சரை மூடினோம், செல்லாத இண்டெக்ஸை எடுத்தோம். அடுத்த சனிக்கிழமை அதே ஸ்க்ரிப்ட், அதே சர்வர், அதே பெரிய டேபிள். ஒரு மணி பத்து நிமிஷம்.

இப்ப யாராவது சொல்வீங்க, "ராத்திரி ரெண்டு மணிக்கு டென்ஷன்ல யாருக்குத் தோணும்?" அய்யா, தோணவே வேண்டாம். 2019-ல வந்த 12-ம் பதிப்புலேர்ந்து 'பிஜி ஸ்டாட் பிராக்ரஸ் கிரியேட் இண்டெக்ஸ்'னு ஒரு வியூ இருக்கு. ஒரே ஒரு செலக்ட். எந்தக் கட்டத்துல இருக்கு, மொத்தம் எத்தனை ப்ளாக், எத்தனை முடிஞ்சது, காத்திருந்தா எத்தனை பேருக்காக, இப்ப யாருக்காக, அந்த ஆளோட ப்ராசஸ் எண் என்ன, எல்லாம் தட்டுல வெச்சு நீட்டும். பஸ் ஸ்டாண்டுல பஸ் எங்க வருதுன்னு போர்டே தொங்குது, அதுக்குக் கீழ நின்னுகிட்டு "ரோடு நீளம் சார், அதான் லேட்டு"ன்னு சொன்னா என்ன பண்றது?

சரி, எல்லாமே காத்திருக்கற கேஸ் இல்லைன்னு எனக்கும் தெரியும். அடுக்கறதுல நேரம் போற கேஸ் நிறைய. அதுலயும் இதே கூத்துதான். இண்டெக்ஸ் அடுக்கறதுக்கு எவ்வளவு மெமரி எடுத்துக்கலாம்னு 'மெயின்டனன்ஸ் ஒர்க் மெம்'னு ஒரு செட்டிங். யாரும் தொடலைன்னா 64 எம்பி. நம்ம சர்வர்ல 128 ஜிபி இருந்தது. செட்டிங் என்னன்னு பாத்தேன். 64 எம்பி! கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துட்டு, மூலையில ஒரு முக்காலி போட்டு அதுமேல வெச்சு ஆயிரம் பத்திரிகையை அடுக்கின மாதிரி. முக்காலியில கொள்ளாததை எல்லாம் டிஸ்க்ல தற்காலிக ஃபைலா எழுதி, மறுபடி படிச்சு, மறுபடி சேத்து... இதோட அடுத்த பலனையும் கேளுங்க. 2018-ல வந்த 11-லேர்ந்து பி-ட்ரீ இண்டெக்ஸை நாலஞ்சு பேர் சேந்து கட்டலாம். ஆனா தலைவர் உட்பட ஆளுக்குக் குறைஞ்சது 32 எம்பி பங்கு வேணும். 64 எம்பியை வெச்சுகிட்டு தலைவரும் ஒரே ஒரு உதவியாளும்தான். இந்த நிலைமையில இரண்டு மடங்கு மெமரியோட புது சர்வர் வாங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? அதே முக்காலி, இன்னும் பெரிய மண்டபம்.

ரெண்டு ஜிபின்னு அந்த செஷனுக்கு மட்டும் மாத்த ஒரு வரி போதும், ரீஸ்டார்ட்கூட வேண்டாம். (மொத்த சர்வருக்கும் மாத்திடாதீங்க, ஆட்டோவேக்குவம் ஆளுங்க தனியா அளவு வெக்கலைன்னா ஆளாளுக்கு அந்த அளவை எடுத்துக்கப் பாப்பாங்க. அப்பறம் என்னைத் திட்டக்கூடாது.)

இன்னொண்ணு, யாரும் கண்டுக்காதது. பார்சல் எண் வெறும் இலக்கம். ஆனா டேபிள்ல எழுத்தா சேமிச்சிருக்காங்க, அதுவும் ஆங்கில மொழி விதிப்படி வரிசை. ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் அந்த மொழி விதி எல்லாம் பாத்து முடிவெடுக்கணும், 40 கோடியை அடுக்க இந்த ஒப்பீடு எத்தனை தடவை நடக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. எண்ணா வெச்சிருந்தா, இல்ல 'சி' வரிசையில வெச்சிருந்தா, அடுக்கற நேரம் நல்லாவே குறையும். அதுக்காக இண்டெக்ஸ்ல மட்டும் 'சி'ன்னு போட்டா பத்தாது, டேபிள்ல காலம் வேற வரிசையில இருந்தா வழக்கமான க்வெரி அந்த இண்டெக்ஸைச் சீந்தாது. டேபிள் போடற அன்னிக்கே யோசிக்கவேண்டியது. டேபிள் போட்டவர் ஆர்க்கிடெக்ட்டா ப்ரமோஷன் வாங்கிட்டுப் போயிட்டார், அது வேற கதை.

என் பழைய பாவத்தைச் சொல்றேன்னேன்ல. 2007 வாக்குல மைஎஸ்க்யூஎல், மைஐஸாம் டேபிள். ஆல்டர் டேபிள்ல இண்டெக்ஸ் சேத்துட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன். காலையிலயும் முடியல. நானும் அதே டயலாக்தான், "டேபிள் பெருசு சார்." ப்ராசஸ் லிஸ்ட்ல 'ரிப்பேர் வித் கீகேஷ்'னு தெளிவா எழுதியிருந்ததை ராத்திரி பூரா பாத்துகிட்டேதான் உக்காந்திருந்தேன், என்னன்னு தேடத் தோணல. தற்காலிக ஃபைல் ஒரு அளவுக்கு மேல போகும்னு அதுக்குத் தோணினா, மொத்தமா அடுக்கறதை விட்டுட்டு ஒவ்வொரு சாவியா மரத்துல சொருக ஆரம்பிச்சுடும். அந்த அளவு ஒரு செட்டிங். அதைக் கூட்டி, தற்காலிக டைரக்டரியில இடமும் இருக்கான்னு பாத்துட்டு மறுபடி ஓட்டினப்ப 'ரிப்பேர் பை சார்ட்டிங்'னு காட்டிச்சு, மத்தியான சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சது. அன்னிக்கு என் சீனியர் திட்டல. "திரையில எழுதியிருக்கறதைப் படிப்பா"ன்னு மட்டும் சொன்னார். அந்த மாதிரி ஒரு சீனியர் அந்தத் தம்பிக்கு வாய்க்கல.

எதிர்வாதம் ஒண்ணு வரும், அதுல நியாயமும் இருக்கு. சில டேபிள் நெஜமாவே பெருசு, நெஜமாவே லேட்டாகும். டிஸ்க் ஒரு செகண்டுக்குத் தர அளவுக்கு மேல படிக்க முடியாது. வாடகை சர்வர் சிலதுல டிஸ்க் முதல் அரை மணி நேரம் குதிரை மாதிரி ஓடி, அப்பறம் சலுகை தீந்து மாட்டு வண்டி ஆயிடும். அங்க காசு போட்டாத்தான் வேகம். ஒத்துக்கறேன். ஆனா அதையும் பாத்துட்டுச் சொல்லுங்க. "எண்பது லட்சம் ப்ளாக்ல ஐம்பது லட்சம் முடிஞ்சிருக்கு, இந்த வேகத்துல இன்னும் நாற்பது நிமிஷம்"னு சொன்னா அந்த டேமேஜர்கூட காத்திருப்பார். பதில் தெரியாதப்பதான் மனுஷனுக்கு கேன்சல் பட்டன் மேல கை போகுது. அதைவிட மோசம், கேன்சல் கேக்கலைன்னு ஆபரேட்டிங் சிஸ்டத்துல போய் 'கில் மைனஸ் 9' அடிக்கற வீரர்கள். அந்த ஒரு ப்ராசஸோட போகாது, போஸ்ட்கிரெஸ் எல்லா கனெக்‌ஷனையும் அறுத்துட்டு முதல்லேர்ந்து ரெகவரி ஓட்டும். இதைப் பண்ணிட்டு "போஸ்ட்கிரெஸ் நிலையா நிக்கறதில்லைப்பா"ன்னு சொன்ன ஒருத்தரை எனக்கு நேர்லயே தெரியும்.

கடைசியா அந்த அறிக்கை. ஸ்க்ரீன்ஷாட், வெள்ளிக்கிழமை ஆறே கால் கர்சர், செல்லாத இண்டெக்ஸ், 64 எம்பி, எல்லாத்தையும் ஒரு மெயில்ல போட்டு, காரணத்தைத் திருத்தச் சொல்லி டேமேஜருக்கு அனுப்பினேன். அந்தத் தம்பியோட தப்புன்னு ஒண்ணைச் சொல்லணும்னா, மறுபடி ஓட்டி முடிஞ்சதும் இண்டெக்ஸ் செல்லுதான்னு பாக்கல. மூணு மணிக்கு, ஐஞ்சு மணி நேரம் தனியா உக்காந்த பையன். அதையும் மெயில்ல எழுதினேன். பதில் ஒரு வரி, "நல்ல தகவல், இனிமேல் பயன்படுத்திக்கொள்வோம்." சர்வர் வாங்கற ப்ரொபோசல் சத்தமில்லாம காணாமப் போச்சு. ரிப்போர்ட் லாகினுக்கு, ட்ரான்ஸாக்‌ஷன் திறந்து சும்மா இருந்தா பத்து நிமிஷத்துல வெட்டிவிடற செட்டிங்கை நானே போட்டேன், 2016-லேர்ந்து இருக்கற வசதி, யாரும் போடலைன்னா வேலை செய்யாது. அறிக்கையில 'மனிதத் தவறு' அப்படியேதான் இருக்கு. அந்த வருஷ அப்ரைசல்ல பையனுக்கு ரேட்டிங் குறைஞ்சது. நான் போய்க் கேட்டேன். "ப்ராசஸ்னு ஒண்ணு இருக்குல்ல"ன்னு சொன்னாங்க. எந்த ப்ராசஸ், எண் என்னன்னு கேக்க வாய் வரைக்கும் வந்தது, வீட்டுக் கடன் ஞாபகம் வந்து அடக்கிகிட்டேன்.

ஆறு மாசத்துல அவன் வேற கம்பெனிக்குப் போயிட்டான்.

டிஸ்கி 1: நான் சொன்ன வியூ 12-லேர்ந்துதான் இருக்கு. அதுக்கு முந்தின பதிப்பு வெச்சிருக்கறவங்க 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'யில காத்திருப்பு காலத்தைப் பாருங்க, 9.6-லேர்ந்து விவரமா காட்டும்.

டிஸ்கி 2: உங்க டேட்டாபேஸ்ல செல்லாத இண்டெக்ஸ் ஏதாவது கிடக்குதான்னு 'பிஜி இண்டெக்ஸ்'ல 'இண்ட்இஸ்வேலிட்' பொய்யா இருக்கறதைத் தேடிப் பாருங்க. நான் போன மாசம் எங்க ஆபீஸ்ல தேடினேன். மூணு இருந்தது.